ஓய்வெடுத்தும் தீராத களைப்பு

1990களின் பிற்பகுதியில் ஸ்வீடன் நாட்டு மருத்துவர்களிடம் ஒரே மாதிரியான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். பள்ளி ஆசிரியைகள், செவிலியர்கள், முதியோர் பராமரிப்புப் பணியாளர்கள், நகராட்சி அலுவலர்கள். பெரும்பாலும் பெண்கள். வேலையில் நல்ல பெயர் எடுத்தவர்கள், எந்தப் பொறுப்பைக் கொடுத்தாலும் முடித்துக் காட்டியவர்கள். அவர்கள் சொன்ன கதைகளும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. மாதக்கணக்கில் தூக்கம் சரியில்லை, நெஞ்சு படபடக்கிறது, வயிறு ஓயாமல் தொந்தரவு செய்கிறது. ஆனாலும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. சிலர் கடையில் அடுக்கியிருந்த பொருள்களில் எதை எடுப்பது என்று முடிவெடுக்க முடியாமல் அழுதபடி நின்றார்கள். சிலருக்கு வருடக்கணக்கில் பழகிய ரகசிய எண் மறந்துபோனது. புத்தகத்தில் ஒரு பக்கத்தின் கடைசி வரிக்கு வருவதற்குள் முதல் வரி நினைவில் இல்லை.

ஒரு வாரம் ஓய்வெடுத்தார்கள். ஒரு மாதம் ஓய்வெடுத்தார்கள். களைப்பு அப்படியே இருந்தது.

அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் கடும் பொருளாதார நெருக்கடியைச் சந்தித்தது. வங்கிகள் ஆட்டம் கண்டன, அரசு செலவைச் சுருக்கியது, பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் ஆள் குறைந்தது. வேலை மட்டும் குறையவில்லை. 1997க்கும் 2002க்கும் இடையே அந்த நாட்டில் நோய் விடுப்பு ஏறக்குறைய இரு மடங்காயிற்று. உலகத்திலேயே சமூகப் பாதுகாப்பு மிக வலுவாக உள்ள நாடுகளில் ஒன்றில் இது நடந்தது. விடுப்பு தாராளமாகக் கிடைப்பதால்தான் எடுக்கிறார்கள் என்று ஒரு தரப்பு சொன்னது. வந்தவர்களை நேரில் பரிசோதித்த மருத்துவர்களால் அதை அவ்வளவு எளிதாக ஏற்க முடியவில்லை.

அவர்களில் ஒருவர் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் மரீ ஓஸ்பெர்க். மனச்சோர்வு நோயின் கடுமையை அளக்க உலகம் முழுவதும் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஓர் அளவுகோலை 1979இல் பிரிட்டனின் ஸ்டூவர்ட் மான்ட்கோமரியுடன் சேர்ந்து உருவாக்கியவர் அவர். மனச்சோர்வு எப்படி இருக்கும் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர்கள் சிலரே. அவர் சொன்னது இதுதான்: புதிதாக வருபவர்களில் பலருக்கு மனச்சோர்வும் இருக்கிறது, ஆனால் அதை மட்டும் வைத்து இவர்களை விளக்கிவிட முடியாது. மனச்சோர்வு நோயாளிக்கு எதிலும் நாட்டம் இருப்பதில்லை. இவர்களுக்கு நாட்டம் இருக்கிறது, அதைச் செய்து முடிக்கும் தெம்பு இல்லை. மனச்சோர்வுக்கான மருந்தால் மனநிலை தெளிந்த பிறகும் பலருக்குக் களைப்பும் மறதியும் நீடித்தன.

2003இல் ஓஸ்பெர்க் முதலான நிபுணர்களின் அறிக்கை ஸ்வீடனின் தேசிய சுகாதார நல வாரியம் வழியே வெளிவந்தது. 2005இல் அந்நாட்டின் நோய்ப் பட்டியலில் ஒரு புதிய பெயர் சேர்ந்தது. தமிழில் அதைக் களைப்பு நோய் என்று சொல்லலாம். நாட்பட்ட அழுத்தத்தால் வரும் களைப்பைத் தனி நோயாக, அதற்கென்று ஓர் எண்ணுடன், ஒரு நாடு அங்கீகரித்தது. வேறெந்த நாடும் அந்த அளவுக்குப் போகவில்லை.

அதற்கான இலக்கணம் கறாரானது. இன்னதென்று சுட்டிக்காட்டக்கூடிய ஓர் அழுத்தம் குறைந்தது ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும். அது அலுவலகமாக இருக்கலாம், வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்வதாகவும் இருக்கலாம். களைப்பின் அறிகுறிகள் இரண்டு வாரமாவது நாள்தோறும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, மனத்தின் தெம்பு வெளிப்படையாகக் குறைந்திருக்க வேண்டும்: ஒரு வேலையைத் தொடங்குவது, தொடர்வது, முடித்த பின் மீண்டு எழுவது எல்லாமே சிரமம். இவற்றோடு மறதி, அவசரத்தைத் தாங்க முடியாமை, எரிச்சலோ அழுகையோ சட்டென்று வருவது, தூக்கக் கோளாறு, உடல் பலவீனம், உடம்பு வலி, படபடப்பு, தலைசுற்றல், சத்தத்தைப் பொறுக்க முடியாமை போன்றவற்றில் குறைந்தது நான்கு. வேலையோ அன்றாட வாழ்க்கையோ இதனால் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். கடைசியாக, தைராய்டு குறைவு, நீரிழிவு, தொற்று, மருந்து, மது ஆகியவற்றில் எதுவும் இதற்குக் காரணம் இல்லை என்று உறுதியாகியிருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையைப் பற்றிப் பிறகு விரிவாகப் பார்க்க வேண்டும், நம் ஊருக்கு மிக முக்கியமானது அதுதான். அதற்கு முன், அழுத்தம் உடம்புக்குள் என்ன செய்கிறது என்ற கேள்வி இருக்கிறது.

அந்தக் கேள்வியை அறிவியல் உலகில் பெரிதாக்கியவர் ஹான்ஸ் செலியே. வியன்னாவில் பிறந்து, கனடாவின் மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். 1930களில் அவர் புதிய ஹார்மோன் ஒன்றைத் தேடி, சினைப்பையிலிருந்து எடுத்த சாற்றை எலிகளுக்கு ஊசி வழியே செலுத்திக்கொண்டிருந்தார். எலிகளை அறுத்துப் பார்த்தபோது மூன்று மாற்றங்கள் தெரிந்தன. அட்ரீனல் சுரப்பிகள் பெருத்திருந்தன, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியிருந்தது, இரைப்பையில் புண். புதிய ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று நினைத்தார். பிறகு வேறு சாறுகளைச் செலுத்தினார், அதே மூன்று மாற்றங்கள். ஃபார்மலினைச் செலுத்தினார், அதே மூன்று. குளிரில் வைத்தார், ஓய்வில்லாமல் ஓடவிட்டார், மீண்டும் அதே மூன்று. எந்த வகைத் துன்பமாக இருந்தாலும் உடம்பு ஒரே விதமாகப் பதில் சொல்கிறது என்ற முடிவை 1936 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறிய கடிதமாக வெளியிட்டார். முதலில் அபாய அறிவிப்பு, பிறகு எதிர்த்து நிற்றல், கடைசியில் தளர்ந்து விழுதல் என்று மூன்று கட்டங்களையும் வகுத்தார்.

செலியே சொன்னதில் பாதி நிலைத்தது, பாதி நிலைக்கவில்லை. அவர் பிற்காலத்தில் சிகரெட் நிறுவனங்களிடம் நிதி பெற்றதும், இதய நோய்க்கு அழுத்தத்தைக் காரணமாகக் காட்டியது அந்நிறுவனங்களுக்கு வசதியாகப் போனதும் அவற்றின் ஆவணங்கள் வெளியானபோது தெரியவந்தது. வருத்தமான அத்தியாயம் அது. ‘அழுத்தம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்’ என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்பதற்கு இந்த வரலாறே போதும்.

அவருடைய மூன்றாம் கட்டமும் இன்றுவரை ஒரு குழப்பத்தை விட்டுச் சென்றிருக்கிறது. தொடர்ந்த அழுத்தத்தில் அட்ரீனல் சுரப்பிகள் சுரந்து சுரந்து வற்றிவிடும், அதனால்தான் களைப்பு என்று சொல்லி, ‘அட்ரீனல் களைப்பு’ என்ற பெயரில் இணையத்தில் மாத்திரைகளும் பொடிகளும் விற்கிறார்கள். 2016இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் இருவர், இது தொடர்பான 58 ஆய்வுகளை அலசிவிட்டு, அப்படியொரு நோய் இல்லை என்றே முடிவு கட்டினார்கள். ஹார்மோன் நிபுணர்களின் அமைப்புகளும் அதையே சொல்கின்றன. அட்ரீனல் சுரப்பி உண்மையிலேயே செயலிழக்கும் நோய் ஒன்று இருக்கிறது, அது அடிசன் நோய். அது வேறு, உயிருக்கே ஆபத்தானது, ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சரியான படம் இப்படி. ஆபத்து தெரிந்ததும் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனைச் சுரந்து பிட்யூட்டரியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி இன்னொரு ஹார்மோனை ரத்தத்தில் அனுப்புகிறது. அது சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிகளை எட்டியதும் அங்கே கார்ட்டிசால் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது, செரிமானம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது, அழற்சி அடக்கப்படுகிறது. போதிய கார்ட்டிசால் வந்ததும் மூளை அதை உணர்ந்து சுரப்பை நிறுத்தச் சொல்கிறது. மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் மிதவையைப் போன்ற ஏற்பாடு. கார்ட்டிசாலுக்கு அன்றாடம் ஓர் ஏற்ற இறக்கமும் உண்டு: விழித்த அரை மணி நேரத்தில் உச்சிக்குப் போகும், பிறகு படிப்படியாக இறங்கி, நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாகும். அழுத்தம் வந்து போனால் கேடில்லை. தேர்வு, மேடை, விபத்திலிருந்து தப்பிப்பது எல்லாவற்றுக்கும் இந்த ஏற்பாடு வேண்டும். அழுத்தம் போகாமல் உட்கார்ந்துகொள்வதுதான் சிக்கல்.

நிறுத்தச் சொல்லும் அந்தக் கட்டளையில் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதிக்கும் பங்குண்டு. நினைவுகளைப் பதியும் பகுதியும் அதுதான். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் மெக்யூவன், அழுத்த ஹார்மோன் இந்தப் பகுதியின் செல்களில் நேரடியாகப் போய் ஒட்டிக்கொள்வதை 1968இல் எலிகளிடம் காட்டினார். அழுத்தம் என்றால் உடம்பின் சமாச்சாரம் என்று இருந்தது அன்றோடு மாறி, மூளையையே உருமாற்றக்கூடிய ஒன்று என்ற பார்வை வந்தது. 1993இல் அவரும் எலியட் ஸ்டெல்லரும், அழுத்தத்துக்கு ஈடுகொடுத்து ஈடுகொடுத்து உடம்பில் சேரும் தேய்மானத்துக்கு ஒரு கணக்கு வேண்டும் என்றார்கள். ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு, கார்ட்டிசால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் கணக்கு அது.

இந்தக் கதையில் மிக நுட்பமான பகுதி பெங்களூரில் நடந்தது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜியும் அவருடைய மாணவர்களும், நிம்ஹான்ஸ் மனநல நிறுவன ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு அது. எலிகளை அசைய முடியாதபடி பிளாஸ்டிக் பைகளுக்குள் வைத்தார்கள். மூச்சுவிடலாம், வலி இல்லை, நகர மட்டும் முடியாது. நாளுக்கு 2 மணி நேரம், 10 நாள். பிறகு மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, நிறமேற்றி, ஒவ்வொரு நரம்பு செல்லின் கிளைகளையும் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து அளந்தார்கள். ஹிப்போகேம்பஸில் கிளைகள் குட்டையாகி, எண்ணிக்கையிலும் குறைந்திருந்தன. அதுவரை பிற ஆய்வகங்களும் கண்டிருந்த சங்கதி அது. ஆனால் பயத்தை ஆளும் அமிக்டலாவில் கிளைகள் நீண்டு, புதிதாகக் கிளைத்துப் பரவியிருந்தன. ஒரே அழுத்தம், ஒரே மூளை. நினைவின் இடம் வாடுகிறது, பயத்தின் இடம் தழைக்கிறது.

அவர்கள் அதோடு விடவில்லை. அழுத்தத்தை நிறுத்தி, எலிகளை 21 நாள் நிம்மதியாக விட்டார்கள். ஹிப்போகேம்பஸ் தேறிப் பழைய நிலைக்கு வந்தது. அமிக்டலா வரவில்லை, வளர்ந்த கிளைகள் அப்படியே இருந்தன. எலிகளின் பதற்றமும் குறையவில்லை. பத்து நாள் துன்பத்தின் தடம் மூன்று வார ஓய்வுக்குப் பிறகும் மூளையில் இருந்தது.

எலியிலிருந்து மனிதருக்கு நேராகத் தாவக்கூடாது. ஆனால் கரோலின்ஸ்காவில் இவாங்கா சாவிச் குழுவினர், வேலை அழுத்தத்தால் களைத்துப்போனவர்களின் மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்த்தபோது, அந்தப் பெங்களூர்ப் படத்தின் சாயல் தெரிந்தது. உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் முன்மூளைப் புறணியின் ஒரு பகுதி மெலிந்திருந்தது, பெண்களிடம் அமிக்டலா பெருத்திருந்தது. ஒன்றிரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஸ்கேன் எடுத்தார்கள். மெலிந்த புறணி தேறியிருந்தது, ஆனால் எல்லா மாற்றங்களும் மறைந்துவிடவில்லை. சோம்பல் என்று உறவினர்கள் சொல்வதற்கும், ‘மனசைத் தைரியமா வச்சுக்கோ’ என்று நண்பர்கள் தேற்றுவதற்கும் அப்பால், அளந்து பார்க்கக்கூடிய ஒன்று அங்கே நடந்திருக்கிறது.

மூளையோடு முடிவதில்லை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகால்ட்-கிளேசர் 1995இல் செய்த ஒரு சோதனை இதற்கு நல்ல சான்று. மறதி நோயால் பாதிக்கப்பட்ட உறவினரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேர். அதே வயதில், அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாத பெண்கள் 13 பேர். எல்லோருக்கும் முன்கையில் மூன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்னக் காயத்தை மருத்துவ முறைப்படி ஏற்படுத்தி, அது ஆறுவதைப் புகைப்படம் எடுத்து அளந்தார்கள். பராமரிப்பவர்களின் காயம் ஆற சராசரியாக 9 நாள் அதிகம் பிடித்தது. கட்டிலில் கிடக்கும் மாமனாரையோ, நினைவு தப்பிய தாயையோ வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ளும் பெண்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் விடுப்பு தருவதில்லை. நோயாளியைப் பார்க்க வருபவர்கள், பார்த்துக்கொள்பவரின் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதும் அபூர்வம்.

இதயத்தைப் பற்றிய சான்றுகள் இன்னும் விரிவானவை. இந்தியா உட்பட 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், வேலையில் ஓயாத அழுத்தம் இருப்பதாகச் சொன்னவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பதால் வரும் பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016இல் மட்டும் 7,45,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன.

இவ்வளவுக்குப் பிறகும் களைப்பு நோயைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. நோயாளிகளின் கார்ட்டிசாலை அளந்த ஆய்வுகளில் சிலவற்றில் கூடுதல், சிலவற்றில் குறைவு, பலவற்றில் வித்தியாசமே இல்லை. எனவே மருத்துவர் கேட்டறிந்துதான் முடிவுக்கு வர வேண்டும். ஸ்வீடனில் அதற்கு 9 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள்: கவனம், நினைவாற்றல், உடல் தெம்பு, மீண்டெழும் நேரம், தூக்கம், சத்தமும் வெளிச்சமும் உறுத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 6 வரை மதிப்பெண். மொத்தம் 19ஐ எட்டினால் மருத்துவர் மேலும் விசாரிப்பார்.

முன்னால் சொன்ன அந்த நிபந்தனை இங்கேதான் வருகிறது. பரிசோதனையில் இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இதைப் போலவே தோற்றமளிக்கும் பல நோய்களைக் கண்டுபிடிக்க முடியும், அவற்றுக்கு மருந்தும் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் சுமார் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கும் மேல்! படியேறினால் மூச்சு வாங்குவது, தலை கிறுகிறுப்பது, எதிலும் மனம் ஒட்டாதது எல்லாம் இரும்புச்சத்துக் குறைவின் வேலையாக இருக்கலாம். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் அசதியும் மறதியும் வரும். கட்டுப்படாத சர்க்கரை, பி12 குறைவு, காசநோய், சிறுநீரகக் கோளாறு, சில ரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாம் இந்த வரிசையில் நிற்கின்றன. குறட்டை விட்டுத் தூங்கி, காலையில் தலைவலியோடு எழுபவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு இருக்கலாம். ‘எல்லாம் டென்ஷன்தான்’ என்று ஒரு பரிசோதனையும் செய்யாமல் அனுப்பிவைப்பது, அழுத்தத்தால் வரும் நோயையே மறுப்பதற்குச் சமமான தவறு.

இனி, வாக்குவாதத்துக்கு வரலாம். களைப்பை நோயென்று சொல்லலாமா என்பதில் மருத்துவ உலகம் ஒருமித்த கருத்தில் இல்லை. நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ மையத்தில் தன்னார்வலர்களோடு பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், சேவை மனப்பான்மையோடு வந்தவர்கள் மாதங்கள் போகப்போக வெறுமையாகிப் போவதைப் பார்த்து, 1974இல் ‘பர்ன்-அவுட்’ என்று எழுதினார். தானும் அப்படி ஆனதை அவர் மறைக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்க ஒரு படிவம் கொண்டுவந்தார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் தன் புதிய நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11இல் பர்ன்-அவுட்டைச் சேர்த்தது. உடனே ‘பர்ன்-அவுட் இனி நோய்’ என்று உலகமெங்கும் தலைப்புச் செய்தி. நிறுவனம் மறுநாளே விளக்கம் தர வேண்டியதாயிற்று: இது வேலை சார்ந்த ஒரு நிலை, நோய் என்று வகைப்படுத்தவில்லை.

ஸ்வீடனிலும் காற்று திசை மாறியிருக்கிறது. அந்த நாடு 2028இல் ஐ.சி.டி-11க்கு மாறும்போது, களைப்பு நோய் என்ற தனிப்பெயர் பட்டியலில் இருக்காது என்று அறிவித்திருக்கிறார்கள். உலகில் வேறெங்கும் இல்லாத பெயர் என்பதால் ஆய்வுகளை ஒப்பிட முடியவில்லை. மனச்சோர்வு, பதற்ற நோய் ஆகியவற்றோடு எல்லை கலந்து கிடக்கிறது. நீண்ட விடுப்பே சிலரை வேலையிலிருந்தும் மனிதர்களிடமிருந்தும் விலக்கி மேலும் முடக்கிவிடுகிறது என்ற கவலையும் உண்டு. எல்லாமே நியாயமான வாதங்கள்தான். ஆனாலும் அந்தப் பெயர் ஒரு பெரிய காரியம் செய்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ‘எனக்கு என்னமோ ஆகிவிட்டது’ என்பதற்குப் பதிலாக ஒரு மருத்துவரிடம் போய்ச் சொல்லக்கூடிய ஒன்றை அது கொடுத்தது. சிகிச்சை மையங்கள் எழுந்தன, ஆய்வுகள் பெருகின, முதலாளிகள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பட்டியலில் எந்த எண் இருக்கிறது என்பது கணக்கு வைப்பவர்களின் கவலை. படுக்கையை விட்டு எழ முடியாதவரைப் பரிசோதித்து, கேட்டு, பின்தொடர வேண்டிய கடமை எண் போனாலும் போகாது.

சிகிச்சை எப்படி? மாத்திரை இல்லை. மனச்சோர்வு கூடவே இருந்தால் அதற்கு மருந்து தரலாம், களைப்புக்கென்று மருந்து கிடையாது. முதலில் தூக்கம். அதைச் சீர்படுத்தாமல் வேறெதுவும் நிற்பதில்லை. பிறகு மெதுவான நடை, அளவான உடற்பயிற்சி, உளவியல் ஆலோசனை. தேறிவிட்டதாகத் தோன்றும் முதல் நல்ல நாளிலேயே தேங்கிக் கிடந்த வேலை முழுவதையும் முடிக்கப் பார்ப்பதும், மறுநாளிலிருந்து ஒரு வாரம் மீண்டும் விழுவதும் இந்த நோயாளிகள் திரும்பத் திரும்பச் செய்வது. நல்ல நாளிலும் பாதியில் நிறுத்தப் பழகுவது சிகிச்சையின் ஒரு பகுதி. ஸ்வீடனில் நோய் விடுப்பைக் கால், அரை, முக்கால், முழு என்று நான்கு அளவில் எடுக்கலாம். அதனால் ஒருவர் நாளுக்கு 2 மணி நேர வேலையிலிருந்து தொடங்கி மாதக்கணக்கில் படியேற முடிகிறது.

அவசரப்பட்டால் நடக்காது. கோத்தன்பர்க் நகரின் அழுத்த மருத்துவ நிறுவனத்தில் சிகிச்சை பெற்றவர்களை ஆய்வாளர்கள் 7 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு அழுத்தத்தைத் தாங்கும் திறன் பழையபடி வரவில்லை. அறிகுறி தொடங்கிச் சிகிச்சைக்கு வருவதற்குள் அதிகக் காலம் கடத்தியவர்கள் தேறுவதும் தாமதமானது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஆறு மாதம் ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தனிமனிதரை மட்டும் சரிசெய்தால் போதுமா? லண்டனில் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகளாகப் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வுகள் இதற்குப் பதில் வைத்திருக்கின்றன. உயர் பதவிக்காரர்களுக்குத்தான் அழுத்தம் அதிகம், அவர்களுக்குத்தான் மாரடைப்பு அதிகம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஆய்வாளர்களில் ஒருவரான மைக்கேல் மார்மட் கண்டது நேர்மாறாக இருந்தது. மிகக் கீழ்நிலை ஊழியர்கள் இதய நோயால் இறப்பது மேல்நிலை அதிகாரிகளைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் இடைவெளி மறையவில்லை. பின்னர் 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் ஒரு காரணம் துலங்கியது: தன் வேலையைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரம் எவ்வளவு குறைவோ, இதய நோய் அவ்வளவு அதிகம். வேலையின் பளுவைவிட, அந்த வேலையில் தனக்கு எந்தச் சொல்லும் இல்லாத நிலைதான் உடம்பை அதிகம் தின்கிறது.

இந்த வெளிச்சத்தில் நம்மூர்ச் சட்டங்கள் சிலவற்றையும் மருத்துவச் செய்தியாகவே படிக்கலாம். துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்த்த பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. கால் வலிக்கும்போது உட்காரும் உரிமை, தன் உடம்பின் மேல் ஒருவருக்கு இருக்க வேண்டிய மிகச் சிறிய கட்டுப்பாடு. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்ததால் சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அந்த எதிர்ப்புக்கு அரசியல் காரணங்கள் எத்தனை இருந்தாலும், மேலே சொன்ன 55 மணி நேரக் கணக்கும் அதன் பக்கம்தான் நிற்கிறது.

ஸ்வீடனின் தெற்கே லுண்டில் நடந்த ஓர் ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. களைத்து விடுப்பில் இருந்தவரையும் அவருடைய மேலாளரையும் ஒரு நிபுணர் முன்னிலையில் உட்காரவைத்து, திரும்பி வரும்போது வேலையில் எதை மாற்றலாம் என்று பேசவைத்தார்கள். அப்படிப் பேசியவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அதிக எண்ணிக்கையில் வேலைக்குத் திரும்பினார்கள். எந்த விலையுயர்ந்த கருவியும் அதற்குத் தேவைப்படவில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூங்கியும் தீராத களைப்பு, புதிதாக வந்த மறதி, சின்ன விஷயத்துக்கும் பொங்கும் அழுகை இருந்தால் முதலில் ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அறிக்கை எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தால் விசாரணை அங்கே முடிந்துவிடவில்லை. கடந்த ஆறு மாதத்தில் வீட்டிலும் வேலையிலும் என்ன நடந்தது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். நெஞ்சுவலி வந்தால் அழுத்தம் என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.